பாலித்தீனின் கிளைகளை ரசிப்பது எப்படி?

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைச் சரிவுகளை ஒட்டியே பிளாஸ்டிக் கூரைகளும் பரவிக் கிடக்கின்றன. தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, பூச்செடிகளை மழையிலிருந்து காக்கும் இந்தக் கூரைகள் கண்ணுக்கு அழகல்ல. பச்சையைப் பார்க்க வந்தவர்கள் முகம் சுளிப்பதும் நியாயமே. ரசிக்க வேண்டியது கூரைப் படலத்தின் மூலக்கூறை.

இத்தகைய படலங்களில் பெரும்பாலும் இருப்பது அடர்த்தி குறைந்த பாலித்தீன், அல்லது அது சேர்ந்த கலவை. 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் உயர் அழுத்தச் சோதனை ஒன்றில் பாலித்தீன் எதிர்பாராமல் கிடைத்தது. அந்த அழுத்தத்தில் மூலக்கூறுச் சங்கிலி வளரும்போதே பக்கவாட்டில் கிளை விடும். சில குட்டை, சில மிக நீளம். 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்ளர் வினையூக்கியால் உருவாக்கிய பாலித்தீனில் கிளைகள் மிகக் குறைவு.

நீண்ட கிளையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவி கிளை முளைத்த இடத்தைக் காட்டும். ஆனால் ஆறு கார்பனைத் தாண்டிய கிளைகளுக்குள் எது எவ்வளவு நீளம் என்று பொதுவாகப் பிரித்துச் சொல்லாது. அங்கேதான் ஓட்டத்தை ஆராயும் பாய்வியல் கைகொடுக்கிறது. பத்தாயிரம் கார்பனுக்கு ஒன்று என்ற அளவில் நீண்ட கிளை இருந்தாலே உருகிய பிளாஸ்டிக்கின் ஓட்டம் மாறிவிடும்.

முதலில் பாகுத்தன்மை. கிளையில்லாச் சங்கிலியின் மூலக்கூறு எடை இரட்டித்தால், மெதுவான ஓட்டத்தில் பாகுத்தன்மை பத்து மடங்குக்கு மேல் உயரும். இந்தக் கணக்குக்கு அடங்காத மாதிரியில் கிளை இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது இழுவைச் சோதனை. பார்க்கச் சுவையானது இதுதான். உருகிய பட்டையைச் சீரான வேகத்தில் நீட்டி, பாகுத்தன்மையை நேரத்துக்கு எதிராக வரைகிறார்கள். நேர்ச்சங்கிலிப் பாலித்தீனின் கோடு ஏறிச் சமனாகிவிடும். கிளைத்ததன் கோடோ ஓரிடத்தில் திடீரென நிமிர்ந்து மேலே கிளம்பும். விறகுக் கட்டிலிருந்து முள்கிளையை உருவுவதுபோல, கிளைகள் பக்கத்துச் சங்கிலிகளில் மாட்டிக்கொள்வதே காரணம். இரு முனையிலும் கிளைக்கொத்து கொண்ட மூலக்கூறை வைத்து 1998-இல் மெக்லீஷ், லார்சன் என்ற ஆய்வாளர்கள் இந்த நிமிர்வுக்குக் கணக்கு அமைத்தார்கள். அதன் பெயர் 'பாம்-பாம்' மாதிரி.

கூரைக்கு இதனால் என்ன பயன்? படலம் செய்ய, உருகிய குழாயைக் காற்றால் குமிழாக ஊதுகிறார்கள். மெலியத் தொடங்கும் இடம் உடனே இறுகுவதால் நீட்சி தடித்த பகுதிக்கு நகரும். குமிழ் கிழியாமல் நிற்கும்.

கடைப் பையை இழுத்துப் பார்த்து இதைச் சோதிக்க முடியாது. குளிர்ந்த பிளாஸ்டிக்கின் இழுவை வேறு சங்கதி. மூலப்பொருளின் விவரத் தாளில் உருகோட்ட எண் இருக்கும்: 190 டிகிரி செல்சியஸில், 2.16 கிலோ எடையின் கீழ், பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்பது. ஆனால் ஒரே எண் கொண்ட இரண்டு ரகங்கள் குமிழில் வேறு வேறாக நடந்துகொள்ளலாம். இழுவை வரைபடம் கிடைத்தால் அதையே முதலில் பார்ப்பது நல்லது.