பதாகை வரைஞரும் ரசிகரும்: ஹுஸைனின் ஓவியத்தில் சினிமா

வெகுசன சினிமா நவீன ஓவியத்தைக் கெடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு எமது கலை இலக்கிய வட்டங்களில் அடிக்கடி ஒலிப்பது. இதனை முற்றாக ஏற்கவோ மறுக்கவோ என்னால் முடியவில்லை. சினிமாவிடமிருந்து ஓவியன் எதனை எடுத்துக்கொள்கிறான் என்பதைப் பொறுத்தே தீர்ப்புச் சொல்லலாம். எம்.எஃப். ஹுஸைன் இதற்குப் பொருத்தமான உதாரணம்.

1915இல் பண்டரிபுரத்தில் பிறந்த ஹுஸைன், 1930களில் பம்பாயில் வயிற்றுப்பாட்டுக்காகச் சினிமா விளம்பரப் பதாகைகள் வரைந்தவர். பதாகை தூரத்தில் செல்பவனின் கண்ணிலும் படவேண்டும். படம் திரைக்கு வருமுன் முடிந்துவிடவும் வேண்டும். தடித்த கோடு, பெரிய அளவு, ஒரே வீச்சில் உருவத்தைப் பிடிக்கும் வேகம் என்பன இத்தொழில் பழக்கும் பழக்கங்கள். அவரது புகழ்பெற்ற குதிரைகளில் அந்தப் பதாகைத் தொழிலாளியின் கையையே நான் காண்கிறேன். 1967இல் பேர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற அவரது குறும்படத்திலும் நட்சத்திரங்கள் இல்லை; ராஜஸ்தானின் காட்சிகளே பேசுகின்றன.

1994இல் வெளியான 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தின் பின்னர் நிலைமை மாறியது. அதனைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஹுஸைன், மாதுரி தீட்சித்தை 'ஃபிதா' என்ற பெயரில் தொடராக வரைந்தார். 2000இல் வந்த அவரது 'கஜகாமினி' படத்தில் சகுந்தலையும் மோனலிசாவும் அந்நடிகையே. பெண்மையின் பல காலங்களையும் ஒரே நட்சத்திர முகத்துக்குள் அடக்கிவிட்டார். ஃபிதா என்றால் தன்னை அர்ப்பணித்தல். அர்ப்பணித்தவர் அந்த முகத்தை விசாரிக்கவில்லை.

அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோலும் நடிகையின் முகத்தையே எடுத்தார். 1962 ஆகஸ்டில் மர்லின் மொன்றோ இறந்து சில வாரங்களில், 'நயாகரா' (1953) படத்தின் விளம்பரப் புகைப்படத்தை ஐம்பது தடவை அச்சிட்டார். இடப்பாதியில் கண்ணைப் பறிக்கும் வர்ணம். வலப்பாதியில் கறுப்பு வெள்ளையில் முகம் கறைபட்டு மங்கி அழிகிறது. சினிமா ஒரு பெண்ணை என்ன செய்தது என்ற கேள்வி அங்கே உண்டு. மாதுரித் தொடரில் அக்கேள்வி இல்லை.

இதனை வெளிப்படையாகச் சொல்ல நாம் தயங்குகிறோம். காரணம் உண்டு. 2004இல் 'மீனாக்ஷி' படப் பாடலொன்றில் திருக்குர்ஆன் சொற்கள் வருவதாக முஸ்லிம் அமைப்புகள் சில ஆட்சேபித்ததால் படம் திரையரங்குகளிலிருந்து மீளப்பெறப்பட்டது. இந்துத்துவவாதிகளின் வழக்குகளும் மிரட்டல்களும் 2006இல் அவரை நாட்டைவிட்டே வெளியேற்றின. 2011இல் இலண்டனில் காலமானார். ஆதலால் ஹுஸைன் பற்றிய எழுத்து ஒன்றில் வசையாகவோ அன்றேல் வக்காலத்தாகவோ முடிந்துபோகிறது.

துரத்தப்பட்ட கலைஞனுக்காகப் பேசுவது எமது கடமை. அவரது பலவீனமான படைப்பைப் பலவீனமானது என்று சொல்வதும் விமர்சகனின் கடமையே. நடிகர்களின் முகங்களை ஓவியத்துக்கும் கவிதைக்கும் கொண்டுவரும் எமது இளையவர்களிடமும் நாம் கேட்கவேண்டியது இதுதான்: அந்த முகத்தைப் பற்றி விளம்பரம் சொல்லாத எதை நீங்கள் சொல்கிறீர்கள்?