ஆட்டு முகமும் அசுரப் பட்டமும்

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சொல்வளத்துக்குக் குறைவில்லை. ஓசை இன்பத்துக்கும் பஞ்சமில்லை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சொற்சுவையில் மயங்கி, அங்கே வழங்கப்படும் நீதியை நிறுத்துப் பாராமல் தலையசைக்க நம்மால் இயலாது. அக்காவியத்தில் வரும் ஓர் ஆட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சூரபதுமனின் தங்கை அசமுகி. அசம் என்ற வடசொல்லுக்கு ஆடு என்பது பொருள். அவளுக்கு அம்முகம் வந்தது எவ்வாறு? காசிப முனிவரும் மாயையும் மனித உருவில் கூடிப் பிறந்தவன் சூரபதுமன். சிங்க உருவில் சிங்கமுகன். யானை உருவில் தாரகன். ஆட்டு உருவில் அசமுகி. உருமாறியவர் முனிவர்! தேவர்களுக்கும் தந்தை அவரே! பழி மட்டும் மகளின் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

சீகாழியில் இந்திராணியைக் கவர்ந்து செல்ல முயன்றாள் அசமுகி, கை வெட்டப்பட்டாள். குற்றம் குற்றமே. ஆனால் கௌதமர் உருக்கொண்டு அகலிகையிடம் சென்ற இந்திரன்? சாபம் பெற்றான், தேவர்கோன் பட்டமோ பறிபோகவில்லை!

அதே புராணத்தில் வேள்வி செய்த தக்கன் தலை இழந்தான், ஆட்டுத் தலை பொருத்தப்பட்டு எழுந்தான், சிவனைத் துதித்தான். அவனை அசுரன் என்றவர் உண்டா? தலை அதே ஆட்டுத் தலைதானே!

அசமுகிக்கும் துருவாசருக்கும் பிறந்தவர்கள் வில்வலனும் வாதாபியும் என்கிறது புராணம். வாதாபி ஆடாவான்; அண்ணன் அவனைச் சமைத்து விருந்திடுவான்; பெயர் சொல்லி அழைத்ததும், உண்டவர் வயிற்றைக் கிழித்து வருவான். கொடுமைதான், ஐயமில்லை. அகத்தியர் உண்டார், செரித்தார், புகழ் பெற்றார். ஆனால் அவர் அங்கே சென்றது எதற்கு? மனைவி உலோபாமுத்திரை கேட்ட செல்வத்தைத் தேடி என்கிறது மகாபாரதம்! பொருள் நாடிச் சென்ற பயணம், அறங்காக்கச் சென்ற பயணமாகப் பாடப்படுகிறது.

திருமால் மோகினியானால் திருவிளையாட்டு. வாதாபி ஆடானால் வஞ்சக மாயம். உருமாற்றம் ஒன்று, தீர்ப்பு இரண்டு. செயலைப் பாராமல் பிறப்பைப் பார்த்து எழுதிய தீர்ப்பு இது.

இத்தீர்ப்பு ஏட்டோடு நின்றிருந்தால் நாம் கவலைப்பட மாட்டோம். ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்த கை, இதே அளவுகோலைத்தான் பிடித்திருந்தது. தோழர்களே! புராணங்களை மூலத்திலேயே படியுங்கள். ஒவ்வொரு கதையிலும் கேளுங்கள்: இதே செயலை மற்றவன் செய்திருந்தால், அவனுக்கு என்ன பெயர் சூட்டியிருப்பார்கள்?