கரோல் கே: கூலியும் பெயரும்

ராக் இசைக்குழுவில் ஒரு பெண் பேஸ் கிட்டார் வாசித்தால் அதற்கு விளக்கம் தயாராக இருக்கும். நான்கே தந்திகள், சுலபமான கருவி, அதனால் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள் என்பது ஆண்கள் சொல்லும் விளக்கம். நம்மிடமும் ஒன்று இருக்கிறது. பேஸ் அடியில் கிடந்து எல்லாவற்றையும் தாங்குகிறது, யாரும் கவனிப்பதில்லை, பெண்களின் வீட்டு வேலை மாதிரி என்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரோல் கேயின் வாழ்க்கையில் இந்த உவமை ஒட்டாது. அவருடையது ஊதியமில்லாத வேலை அல்ல. இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த கூலியை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத் தாளில் கையெழுத்திட்டு, அடுத்த ஸ்டுடியோவுக்குக் காரோட்டிப் போன தொழிலாளி அவர். அங்கீகாரத்துக்காக ஏங்கிய கலைஞராக அவரைக் காட்டும் கட்டுரைகள் ஏராளம். அவர் பேசியதைக் கேட்டால் வேறொருவர் தெரிகிறார்.

1935இல் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகரில் பிறந்தார். அப்பா ட்ராம்போன் வாசிப்பவர், அம்மா பியானோ. இசை இருந்த வீட்டில் காசு இல்லை. கலிஃபோர்னியாவின் வில்மிங்டனுக்குக் குடிபெயர்ந்து, அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில் கிட்டார் கைக்கு வந்தது, பதினான்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கு வருமானம் வேண்டியிருந்தது. ஐம்பதுகளில் பகலில் தட்டச்சு வேலை, இரவில் லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புகளில் ஜாஸ் கிட்டார். 1957இல் சாம் குக்கின் ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்தது. ஜாஸை விட்டுப் போக மனமில்லை, ஆனால் ஸ்டுடியோவில் கூலி அதிகம். பிள்ளைகளும் தாயும் அவரை நம்பியிருந்தார்கள். போனார். அடுத்த ஆண்டு ரிச்சி வேலன்ஸின் 'லா பாம்பா'வில் ரிதம் கிட்டார் வாசித்தார். உலகம் முழுக்க ஆடிய அந்தப் பாட்டில் தாளக் கிட்டார் ஒரு பெண்ணுடையது என்று ஆடியவர்களில் யாருக்குத் தெரியும்?

1963இல் கேபிடல் நிறுவனத்தின் ஒலிப்பதிவு ஒன்றுக்கு பேஸ் வாசிப்பவர் வரவில்லை. கரோல் அந்தக் கருவியை எடுத்தார், பிறகு அதிலேயே தங்கிவிட்டார். அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கிட்டார்காரர் என்றால் மூன்று நான்கு கிட்டார்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், பேஸ் என்றால் ஒன்று போதும். கலை பற்றிய நம் பெரிய பேச்சுகளில் தோள்வலி இடம்பெறுவதே இல்லை. இன்னொரு காரணமும் சொன்னார். கிட்டாரில் எழுதிக்கொடுத்ததை வாசிக்க வேண்டும், பேஸில் தானே கண்டுபிடிக்க இடமிருந்தது.

அவர் வாசித்த விதத்தைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். பேஸை விரலால் மீட்டுவதுதான் பலரின் வழக்கம். இவர் கிட்டார்காரராக இருந்து வந்ததால் பிக்கைக் கைவிடவில்லை. தந்திகளின் மேல் ஃபெல்ட் துணித்துண்டு ஒன்றை வைத்து அதிர்வின் வாலை நறுக்கிவிடுவார். ஃபெண்டர் ப்ரிசிஷனிலிருந்து சுருக்கமான, விளிம்புள்ள ஒலி வரும். ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும். அன்றைய பாப் பாட்டுகள் பெரும்பாலும் கார் ரேடியோவிலும் கையடக்க டிரான்சிஸ்டரிலும் கேட்கப்பட்டவை. அந்தச் சின்ன ஒலிபெருக்கிகளில் ஆழ்ந்த ஒலி கரைந்துபோகும். பிக்கின் அந்தக் கூர்மை பிழைத்து வரும். அடியில் கிடக்கும் கருவி முன்னால் வந்தது இப்படித்தான்.

சோனி - ஷெர் இணை பாடி 1967இல் வெளிவந்த 'தி பீட் கோஸ் ஆன்' பெரும்பாலும் ஒரே கார்டில் நின்றுவிடும் பாட்டு. எழுதியவர் சோனி போனோ. ஸ்டுடியோவில் அது தூங்கி வழிந்ததாகவும், தான் பல வரிகளை வாசித்துப் பார்த்து அவற்றில் ஒன்று தேர்வானதாகவும் கரோல் சொல்கிறார். பாட்டைக் கேட்டவர்களின் நினைவில் முதலில் வருவது அந்த பேஸ் வரிதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் உரிமைச் சட்டத்தின் பார்வையில் பாட்டு என்பது மெட்டும் சொற்களும். பேஸ் வரி 'வாசிப்பு'. மெட்டுப் போட்டவருக்கு ஒவ்வொரு முறையும் உரிமைத்தொகை, வாசித்தவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. பெண் என்பதால் மட்டும் நடந்ததல்ல இது, உடன் வாசித்த ஆண்களுக்கும் இதே கதிதான். எது படைப்பு, எது வெறும் உழைப்பு என்று கோடு கிழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது பெண்ணியத்தின் பழைய கேள்வி. அதை இங்கே கேட்காமல், 'ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்' என்று வியந்து நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம்.

தனக்கு உரியதைக் கேட்கும் கரோல், தனக்கு உரியதல்லாததைத் தள்ளியும் வைக்கிறார். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) தொகுப்பில் வாசித்த பேஸ் வரிகளைப் பற்றிக் கேட்டால், அவை பிரையன் வில்சன் எழுதியவை, தான் வாசித்தேன், அவ்வளவுதான் என்பார்.

இதே நேர்மையை எதிர்பார்த்து மோடவுன் விவகாரத்துக்குப் போனால் வழுக்குகிறது. டெட்ராய்ட் நிறுவனமான மோடவுன் அறுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிப்பதிவு செய்தது, கரோல் அங்கே வாசித்தார். ஆனால் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததாக அறியப்படும் புகழ்பெற்ற சில பாட்டுகளையும் தன்னுடையவை என்கிறார். மோடவுன் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதை ஏற்கவில்லை. எனக்கும் அவர்கள் பக்கமே சான்று கனமாகத் தெரிகிறது. பெண் சொல்கிறார் என்பதற்காக நம்பிவிடுவதைப் பெண்ணியம் என்று நான் கருதவில்லை, அதிலும் மறுபக்கத்தில் இருப்பவர் ஜேமர்சனாக இருக்கும்போது. அந்தக் கறுப்பினக் கலைஞரின் பெயரும் இசைத்தட்டு உறைகளில் இல்லை. அது முதன்முதலாக அச்சானது 1971இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில். 1983இல் நாற்பத்தேழு வயதில் இறந்துபோனார். உறைகளில் பெயர்களை அச்சிடுவதற்கு நிறுவனங்களுக்குப் பெரிய செலவு ஆகியிருக்காது. அச்சிடாததால் ஒரு வெள்ளைப் பெண்ணும் ஒரு கறுப்பின ஆணும் ஒரே வரிக்கு உரிமை கோரி நிற்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் எல்லாத் தட்டிலும் பளிச்சென்று இருக்கிறது.

கரோல் நமக்கு வசதியான நாயகி அல்ல. ஸ்டுடியோவில் பெண் என்பதால் தன்னை யாரும் குறைவாக நடத்தவில்லை என்றே பெரும்பாலும் சொல்லிவந்தார். நன்றாக வாசித்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்பது அவர் கணக்கு. 'பெண்ணாக இருந்தும் நன்றாக வாசிக்கிறாய்' என்கிற பாராட்டுக்கு, நீயும் ஆணாக இருந்தும் பரவாயில்லை என்கிற தொனியில் பதில் கொடுத்திருக்கிறார். அந்தப் பதிலுக்குத் தேவை இருந்ததே என்று நாம் கேட்கலாம். ஆனால் அவருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்று அவருக்கே பாடம் எடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

பத்தாயிரம் ஒலிப்பதிவுகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. களைத்துப்போய், 1969இல் விலகி நின்று பேஸ் பயிற்சி நூல் ஒன்றை எழுதித் தானே பதிப்பித்தார். உறையில் பெயர் இல்லாதவர், அட்டையில் ஆசிரியராக வந்தார். எழுபதுகளில் ஒரு கார் விபத்து அவரை வெகுவாக முடக்கியது. ஆனாலும் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை.

அவரோடு வாசித்த குழுவை இன்று 'ரெக்கிங் க்ரூ' என்கிறார்கள், தகர்ப்புக் கும்பல் என்று பொருள். டிரம்மர் ஹால் பிளெய்ன் 1990இல் தன் நினைவு நூலுக்குத் தலைப்பாக வைத்துப் பரவிய பெயர். அந்தக் காலத்தில் யாரும் எங்களை அப்படி அழைக்கவில்லை என்று கரோல் சண்டை போட்டார். அந்தப் பெயரிலேயே ஆவணப்படம் வந்தது, அதில் பேசினார், சண்டையையும் தொடர்ந்தார். 'மார்வலஸ் மிஸஸ் மைசல்' தொடரில் தன்னைச் சாயலாக வைத்து ஒரு பாத்திரம் வந்தபோதும் கோபப்பட்டார். பலருக்கு இது முதுமையின் பிடிவாதமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. பெயரே போடாத தொழில் ஒன்று, ஐம்பது ஆண்டு கழித்துத் தன் விருப்பப்படி ஒரு பெயரைப் போட வந்தால் எரிச்சல் வராதா?

2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது வயது தொண்ணூறு. வர மாட்டேன் என்று அறிவித்தார். அந்தக் கும்பல் பெயர் தனக்கு வேண்டாம், ஸ்டுடியோ வேலை எல்லோரும் சேர்ந்து செய்தது, தனியாக ஒருவரைத் தூக்கிவைப்பது அதைக் காட்டாது என்பவை அவர் சொன்ன காரணங்கள். அவர் மறுத்த பிறகும் அந்த ஆண்டின் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கவில்லை.