உட்கார்ந்தவரும் எழுந்தவர்களும்

மோதலில் ஆரம்பித்துக் காதலில் முடிகிற கதைக்கு நம் சினிமா ஒரு வாய்ப்பாடே வைத்திருக்கிறது. முதல் ரீலில் முறைப்பு, நடுவில் மழை, பிறகு டூயட். எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது இடைவேளைக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் ஒரு காதல் நடந்தது. 1950-இல் கல்யாணத்தில் முடிந்தது. அதில் விரோதம் காதலர்களுடையதே அல்ல. அவர்கள் பிறப்பதற்கு முன்பே அது அந்தத் தெருவில் குடியிருந்தது. யார் எங்கே உட்காரலாம் என்பதுதான் வழக்கு.

அங்கே 1568-இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் குனிகிறார்கள். சீனத்திலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள் தரை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. கையால் தீட்டியவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று வழிகாட்டி சொல்வார். அழகுதான். ஆனால் கூடத்தின் கதை ஓட்டில் இல்லை, பெஞ்சில் இருக்கிறது; அதைவிட மேலே, மாடத்தில் இருக்கிறது. கேரளத்து யூதக் கூடங்களில் வேதம் வாசிக்கும் மேடை இரண்டு உண்டு: நட்ட நடுவில் ஒன்று, மாடத்தில் ஒன்று. அந்த மேல் மேடைக்குப் பின்னால்தான் பெண்கள் பகுதி. வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னே பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

‘வெள்ளை யூதர்’ எனப்பட்ட பரதேசிகளுக்கு பெஞ்ச். அவர்கள் வீட்டில் அடிமைகளாகவோ வேலையாட்களாகவோ இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு முன்கூடம், அல்லது வெறுந்தரை. வேதம் வாசிக்க அவர்களுக்கு அழைப்பு வராது. ஒரே கடவுள், ஒரே ஓய்வுநாள், ஒரே தெரு; ஆனாலும் நம்ம ஊர்ப் பந்தி விசாரம் அங்கேயும் போய்ச் சம்மணம் போட்டுக்கொண்டது.

தரையில் உட்காரவேண்டிய அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர் ஏ.பி. சேலம். ஆபிரகாம் பாரக் சேலம், 1882-இல் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, சென்னைக்கு வந்து சட்டப் பட்டம் வாங்கிக்கொண்டு போனவர். கொச்சி சமஸ்தானச் சட்டசபையில் உறுப்பினர். கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடலாம், சபையில் பேசலாம், ஓய்வுநாளில் மட்டும் சொந்தத் தெருவில் உட்கார இடமில்லை. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பெரியார் போய்ச் சிறைப்பட்டது நமக்குத் தெரியும். சேலம் அதே முறையைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். சில காலம் அங்கே போகாமலே இருந்து பார்த்தார். போய், கூடாது என்ற இடத்தில் உட்கார்ந்தும் பார்த்தார். ‘யூத காந்தி’ என்று பெயர் வந்தது. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பெஞ்சில் ஒரு மாதிரி இடம் கிடைத்துவிட்டது. கல்யாணப் பந்தல் வேறு விஷயம்.

அவருடைய மகன் பால்ஃபர் விரும்பிய பெண் பேபி கோடர். கோடர் குடும்பம் என்றால் கொச்சிக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனிக் குடும்பம். வெள்ளை யூதர்களின் முதல் வரிசை. சொந்த ஊரில் நடத்திவைக்கப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. இருவரும் பம்பாய் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மட்டாஞ்சேரிப் பெரியவர்கள் மறுத்தது எதை என்று கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். கொச்சி யூதக் கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கும். உள்ளே திராட்சை ரசம். கடைச் சரக்கில்லை, உலர்திராட்சையை ஊறவைத்து வீட்டிலேயே இறக்கியது. மோதிரத்தை வெண்பட்டு நூலில் கோத்துக் கோப்பையோடு கட்டியிருப்பார்கள். வேறு ஊர்களில் ரப்பி ஓதும் ஆசிமொழியை இங்கே மாப்பிள்ளையே ஓதவேண்டும். ஓதி, தான் ஒரு வாய் குடித்து, மிச்சத்தைப் பெண்ணுக்குக் கொடுப்பார். பெண் கழுத்தில் தாலியும் உண்டு. அதாவது பெண்ணைக் கேட்கும் வாய் மாப்பிள்ளையுடையதாகவே இருக்கவேண்டும், ஊர் கூடி நின்று கேட்கவேண்டும். பெரியவர்கள் வாய் திறந்து ஓதவேண்டிய அவசியமே இல்லை; வந்து நின்றால் போதும். அந்த நிற்றலைத்தான் தர மறுத்தார்கள். நூலில் தொங்கும் அந்த மோதிரத்தை எத்தனை திரைக்கதைக்காரர் முயன்றாலும் இதைவிட நயமாக யோசித்திருக்க முடியாது என்பது என் கட்சி.

அடுத்த காட்சி இன்னும் நுட்பம். தம்பதி ஊர் திரும்பித் தொழுகைக்கூடத்துக்கு வந்தபோது மாடத்தில் இருந்த பெண்கள் எதிர்ப்புக் காட்டி எழுந்து போய்விட்டார்கள். கவனியுங்கள், கூச்சலில்லை, கைகலப்பில்லை. மாமனார் சேலம் இத்தனை வருஷம் பிடித்துவந்த ஆயுதத்தைத்தான் அவர்களும் எடுத்தார்கள்: வராமலிருப்பது, எழுந்துபோவது. ஒரே ஒரு வித்தியாசம். அவர் விலகியது திரும்பி வந்து உட்காருவதற்காக. இவர்கள் விலகியதில் இருக்கைதான் காலியானது. பெஞ்ச் தரமாட்டோம் என்று சொன்னவர்களின் வீட்டுப் பெண்கள், புதுப்பெண் வந்த அன்று தாங்களாகவே மாடத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டார்கள்.

எழுந்துபோன பெண்களை நையாண்டி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கூடத்தில் அவர்களுக்கும் இடம் மேல்மாடத்தில், மேடைக்குப் பின்னால்தானே.

பிறகு நடந்ததைக் கதையாசிரியன் எழுதினால் செயற்கை என்பார்கள். 1950-களின் நடுவில் கேரளத்து யூதர்கள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். அவர்கள் போக உதவிய சேலம், தான் மட்டும் மட்டாஞ்சேரியிலேயே தங்கி 1967-இல் இறந்தார். தெருவுக்கு இப்போது அவர் பெயர். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் தேவை. இடத்துக்காக அவ்வளவு வழக்கு நடந்த அந்தக் கூடத்தில் கடைசியில் பத்துப் பேர் தேறாமல், ஓடு பார்க்க வந்த வெளிநாட்டு யூதர்களையும் சேர்த்து எண்ண வேண்டியிருந்தது.