சுடுகிறதா, நிற்கிறதா?

புதுச்சேரியில் குளிர் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. தை மாத விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொள்ள வயதானவர்களால் முடியாது. பிள்ளை பெற்ற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் முத்தியால்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டை வரை பல வீடுகளின் குளியலறைச் சுவரில் ஒரு கீசர் தொங்குகிறது. வருடத்தில் எட்டு மாதம் சும்மா இருக்கும். மழை தொடங்கிய அன்று சுவிட்சைப் போட்டால் வேலை செய்யாது.

எலெக்ட்ரிஷியன் வருவார். மூடியின் திருகுகளைக் கழற்றி, டெஸ்டரால் இரண்டு இடம் தொட்டுப் பார்த்து, ‘தெர்மோஸ்டாட் போயிருக்கு’ என்பார். கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து மாட்டுவார். கால் மணி நேரத்தில் குழாயைத் திறந்து, ‘சுடுதா பாருங்க’ என்பார். சுடும். காசு கொடுத்து அனுப்பிவிடுவோம். இந்தப் பழுதுபார்ப்பு முறையை நான் மதிக்கிறேன். அதன் ஒரு பகுதியைக் கண்டு பயப்படவும் செய்கிறேன்.

மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. புதுச்சேரி கடலோர ஊர். நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சூடேறும்போது அந்தச் சுண்ணாம்பு, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் மேல் வெள்ளை ஓடாகப் படியும். இங்கே எலிமென்டும் தெர்மோஸ்டாட்டும் சீக்கிரம் சாவது இயல்பு. உள்ளே இருக்கும் தொட்டியோ நன்றாகவே இருக்கும். சில நூறு ரூபாய் உறுப்புக்காக முழுக் கீசரையும் தூக்கிப் போடுவது அநியாயம். ‘இந்த மாடல் இப்ப வர்றதில்லை, புதுசு வாங்கிடுங்க’ என்று சொல்லிவிடுவது எளிது. தெரு முனை எலெக்ட்ரிஷியன் அப்படிச் சொல்வதில்லை. ஒரு கம்பெனிப் பெட்டிக்கு இன்னொரு கம்பெனி உறுப்பைப் பொருத்தும் கைப்பழக்கம் அவரிடம் இருக்கிறது. அது உண்மையான திறமை.

பிரச்சினை, அவர் எதைப் பார்த்துப் பொருத்துகிறார் என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் துளையில் நுழைகிறதா, திருகு பிடிக்கிறதா என்பதோடு தேர்வு முடிந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட்டின் வேலை அதற்கு மேலே இருக்கிறது: குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது.

தண்டு வகைத் தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் ஒரு இன்வார் கம்பி. இன்வார் என்பது நிக்கலும் இரும்பும் கலந்த உலோகம். புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த 1896இல், பாரீசை அடுத்த செவ்ரில் சார்ல் எதுவார் கியோம் கண்டறிந்தது. அந்த ஆராய்ச்சிக்கு 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சூடேறினால் பித்தளை நீளும், இன்வார் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 11 அங்குலத் தண்டு 26 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது இரண்டுக்கும் இடையே வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான், இரண்டு தாளின் கனம் கூட இல்லை. அந்த நூலிழை அசைவுதான் ‘டிக்’ என்று தொடர்பைப் பிரித்து மின்சாரத்தை நிறுத்துகிறது.

அதனால்தான் நீளம் முக்கியம். 11 அங்குலம் இருந்த இடத்தில் 7 அங்குலம் போட்டாலும் நுழையும், சுடும். அடியிலிருந்து தண்டு ஏறும் கீசரில் சுடுநீர் மேலே தங்கும், குளிர்ந்த நீர் அடியில் வந்து சேரும். குட்டைத் தண்டு அடித் தண்ணீரின் செய்தியை மட்டுமே கேட்கும். மேலே கொதிக்கப் போவது அதற்குத் தெரியாது. மெல்லிய செப்புக் குழலின் முனையில் குமிழ் வைத்த கேபிலரி வகையிலும் இதே கதைதான். குமிழ் அதற்குரிய குழிக்குள் முழுதாக உட்காராமல் வெளியே நழுவிக் கிடந்தால், அது காற்றின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

ஆம்பியரும் அப்படியே. வழக்கமான 2 கிலோவாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். 3 கிலோவாட் என்றால் 13. தரம் குறைந்த தொடர்புமுனைகள் இந்தச் சுமையில் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் தண்ணீரைச் சூடாக்கும். எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்காகத்தான் பக்கத்தில் இன்னொரு உறுப்பு இருக்கிறது: கட்-அவுட். தெர்மோஸ்டாட் தவறினால் கடைசிக் காவல் இதுதான். சூடு எல்லை மீறும்போது அறுத்துக்கொள்ளும். பல மாடல்களில் கையால் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி சேரும். நம்மூர்ப் பழுதுபார்ப்பின் பெரிய குறை இந்த இடத்தில் இருக்கிறது.

என் அம்மா வீட்டில் இருப்பது 15 லிட்டர் கீசர். போன மழைக்காலத்துக்கு முந்தைய மழையில் ஒரே வாரத்தில் மூன்று முறை கட்-அவுட் விழுந்தது. பார்க்க வந்த எலெக்ட்ரிஷியன் தம்பி கிளம்பும்போது, “கட்-அவுட்டை டைரக்ட் பண்ணிட்டேன் அண்ணே, இனிமே தொல்லை இல்லை” என்றார். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டு முனைகளையும் விரல் நீளச் சிவப்பு வயர் ஒன்று இணைத்திருந்தது. மேலே சுற்றிய கறுப்பு டேப் சூட்டில் இளகிப் பிசுபிசுத்தது.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். 15 லிட்டர் தண்ணீர் 26 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு வர 2 கிலோவாட்டில் சுமார் 18 நிமிடம். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, கட்-அவுட்டும் இல்லாவிட்டால், அங்கிருந்து கொதிநிலைக்கு இன்னும் 21 நிமிடம். அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டுக் கோலம் போட்டு, காபி குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு வரும் நேரம் அதற்கும் அதிகம். 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும்; முதியவர்களின் மெல்லிய தோலுக்கு அந்த அவகாசமும் இல்லை. கொதிக்கத் தொடங்கிய பெட்டியில் மிச்சமிருப்பது சேஃப்டி வால்வு மட்டுமே. அது சொட்டுகிறது என்று அதை அடைத்து வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தம்பியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டு ‘மறுபடியும் நின்னுபோச்சு’ என்று அலுத்துக்கொண்டது நான். ஒரு தடவை வந்ததற்குத்தான் காசு வாங்கினார். மீதி இரண்டு தடவை சும்மா வந்தார். பீச் ரோடு பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடுகள் விடுதிகளாகிவிட்டன. அங்கே விருந்தினர் காத்திருக்கும்போது நெருக்கடி இன்னும் அதிகம். எல்லோரும் கேட்பது சுடுதண்ணீர். சூட்டை நிறுத்தும் உறுப்பைக் கேட்பவர் யாருமில்லை. கேட்காத பொருளை ஒருவர் தன் கைக்காசில் மாட்டுவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் கட்-அவுட் விழுவது ஒரு செய்தி. எங்கள் கீசரில் அது சொன்ன செய்தி, தெர்மோஸ்டாட் தண்டு நுழையும் குழியின் மேல் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது என்பது. ஓடு மூடிய குழிக்குச் சூடு தாமதமாகத்தான் போய்ச் சேரும். தெர்மோஸ்டாட் உணர்வதற்குள் தண்ணீர் எல்லை தாண்டிவிடும், கட்-அவுட் அறுத்துக்கொள்ளும். ஓட்டைச் சுரண்டியிருந்தால் போதும். செய்தி சொன்னவனின் வாயை நாங்கள் கட்டிவிட்டோம்.

பழைய வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது அங்கே அபூர்வமில்லை. ஒரு முனையை மட்டும் அறுக்கும் உறுப்பு அந்த நிலையில் நியூட்ரலை அறுத்துவிட்டு நிற்கும். சூடு நின்றாலும் எலிமென்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு முனையையும் சேர்த்து அறுக்கும் கட்-அவுட் பழைய பெட்டியில் இருந்திருந்தால், மாற்றாக அதையே கேட்டு வாங்க வேண்டும். ஐ.எஸ்.ஐ முத்திரை அந்த முழுப் பெட்டியையும் சோதித்துத் தந்தது. உள்ளே ஒரு காவலைக் கழற்றிவிட்ட பிறகு வெளியே உள்ள முத்திரைக்குப் பொருளில்லை.

இப்போது சிலர் வைஃபை சுவிட்சும் டைமரும் மாட்டிக்கொண்டு பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மின்சாரம் மிச்சமாகும், மறதிக்கும் உதவும். அவற்றுக்கு நேரம் தெரியும், தண்ணீரின் சூடு தெரியாது. தெர்மோஸ்டாட்டுக்கு மேல் வைக்கலாம், அதற்குப் பதிலாக வைக்க முடியாது.

அம்மா வீட்டுக்கு இந்த முறை வந்தவர் சற்று வயதானவர். கழற்றிய தண்டைத் தினத்தந்தித் தாளில் வைத்து, ஸ்கேலால் அளந்து, பின்னால் அச்சிட்டிருந்த ஆம்பியரைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனார். எலிமென்டையும் குழியையும் சுரண்டியதில் ஒரு சோற்றுத் தட்டு நிறையச் சுண்ணாம்புச் சில்லுகள் வந்தன. சிவப்பு வயரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கட்-அவுட் போட்டார். தெர்மோஸ்டாட்டை 50இல் வைத்து, தண்ணீர் நிரம்பியதும் சுவிட்சைப் போட்டார். அம்மா குழாயைத் திறக்கப் போனார்.

“இருங்கம்மா, சுடுறது தானா சுடும். நிக்குதா பாக்கணும்” என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசற்படியில் நின்றேன். பன்னிரண்டு நிமிடம் தாண்டிப் பதின்மூன்றாவது நிமிடத்தில் பெட்டிக்குள் ‘டிக்’ என்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் எழுந்து மூடியின் திருகுகளை முடுக்கத் தொடங்கினார்.