முதல் வகுப்புக்கு முன் எழுதப்படும் கொள்கை

ஆசிரியப் பணிக்குள் புதிதாக நுழையும் ஒருவர், கல்வி எதற்காக, மாணவர் எவ்வாறு கற்கின்றனர், அதில் தம் பங்கு என்ன என்னும் வினாக்களுக்குத் தம் சொற்களிலேயே விடை கூறி ஓரிரு பக்கங்களில் எழுதித் தரும் அறிக்கை, கற்பித்தல் கொள்கை எனப்படுகிறது. வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிப்போரிடம் இவ்வறிக்கை கேட்டுப் பெறப்படுகிறது. இந்தியாவில், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக நீட்டித்து, ‘தன்னை அறிதல்’ என்னும் பொருளிலான பகுதியையும் பாடத்திட்டத்தில் சேர்த்தமையால், பயிற்சி மாணவர் தம் நம்பிக்கைகளை எழுதிப் பார்ப்பதற்குக் கல்வியியல் கல்லூரிகளிலும் இடம் உண்டாயிற்று.

இவ்வடிவத்தின் முன்னோடி எனக் கொள்ளத்தக்கது, அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி 1897இல் வெளியிட்ட கல்விக் கொள்கை அறிக்கையாகும். தம் நம்பிக்கை இன்னது என்னும் கூற்றுடனேயே அதன் பத்திகள் தொடங்குகின்றன. ஆயினும் டூயி அதை எழுதுவதற்கு ஓராண்டு முன்னரே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதனைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். எழுதியதைச் செய்து பார்க்க அவரிடம் குழந்தைகளும் ஆசிரியர்களும் இருந்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1938இல், தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வழிகாட்டலற்ற சுதந்திரத்தையே கல்வி எனக் கொண்ட பள்ளிகளைக் கண்டு, ‘அனுபவமும் கல்வியும்’ என்னும் நூலில் அக்கருத்துகளை அவர் மீண்டும் எடைபோட்டார். இன்றைய புதிய ஆசிரியர் டூயியிடமிருந்து பெற்றுக்கொண்டது ‘நம்புகிறேன்’ என்னும் வினைமுற்றை மட்டுமே. பள்ளியும் மறுபரிசீலனையும் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

இவ்வழக்கத்தை வெறும் சடங்கு என்று தள்ளிவிடவும் இயலாது. மருத்துவமோ சட்டமோ பயிலச் செல்பவர் அத்தொழிலின் உள்ளிடத்தைப் பெரும்பாலும் அறியாதவராகச் செல்கிறார். ஆசிரியப் பயிற்சிக்கு வருபவரோ அத்தொழிலைக் குழந்தைப் பருவம் முதலே நாள்தோறும் பார்த்து வளர்ந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரத்தை ஆசிரியர்களின் முன்னிலையில் கழித்திருக்கிறார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் கணக்கிட்டு, அந்நீண்ட பார்வையைத் தொழில் பழகும் காலத்துக்கு ஒப்பிட்டார். அப்பழக்கத்தில் உள்ள குறையையும் அவரே சுட்டினார்: மாணவன் காண்பது ஆசிரியரின் செயலை மட்டுமே, ஒரு பாடத்தைத் திட்டமிடும்போது அவர் எதை விட்டார், ஏன் விட்டார் என்பவை பெஞ்சில் அமர்ந்திருப்பவனுக்குத் தெரிவதில்லை. இவ்வாறு ஊறிப்போன பதிவுகள் எழுத்துக்கு வராதவரை, பி.எட். வகுப்பில் கேட்ட உளவியல் கொள்கைகள் தேர்வுத்தாளோடு நின்றுவிட, தம் பழைய கணக்கு ஆசிரியரின் குரலும் கைவீச்சுமே புதிய ஆசிரியரிடம் மீண்டும் எழுகின்றன. அவற்றை வெளியே எடுத்துப் பார்க்க வைப்பதே கொள்கை எழுதுதலின் உண்மையான பயன்.

அப்பயன் கிட்டுவது அரிதாக இருப்பதற்கு, அறிக்கை எழுதப்படும் சூழலே முதற்காரணம். மதிப்பெண்ணுக்கோ வேலைக்கோ எழுதப்படும் எதுவும், படிப்பவர் விரும்புவதை ஊகித்தே எழுதப்படும். தாம் அடி வாங்கிப் படித்ததால்தான் உருப்பட்டதாக உள்ளூர நம்பும் பயிற்சி மாணவர் ஒருவர், அந்நம்பிக்கையை எழுதினால் அதை விவாதிக்கவும் கலைக்கவும் வழியுண்டு. ஆனால் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்திருப்பதை அறிந்த அவர், அன்பே சிறந்த கருவி என்று எழுதி வைக்கிறார். எல்லா அறிக்கைகளிலும் குழந்தை மையக் கற்பித்தல், மகிழ்ச்சியான வகுப்பறை, தனியாள் வேறுபாடு ஆகிய சொற்களே சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம், எழுதுவோர் ஒரே மனத்தினர் என்பதன்று. தப்பிக்கத் தெரிந்தவர்கள் என்பதே.

இரண்டாம் காரணம் இதனினும் ஆழமானது. கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1974இல் வெளியிட்ட நூலில், ஒருவர் தம் செயலுக்கு அடிப்படை என்று கூறிக்கொள்ளும் கொள்கையையும், அவர் செயலை உண்மையில் இயக்கும் கொள்கையையும் வேறு பிரித்துக் காட்டினர். இரண்டும் முரண்படுவதை அவரே உணராமலிருப்பது இயல்பு என்பது அவர்கள் கருத்து. வகுப்பறையில் இதற்கு எளிய சான்று கேள்வி கேட்டபின் ஆசிரியர் காக்கும் நேரமாகும். மேரி பட் ரோ என்னும் ஆய்வாளர் அதனை அளந்தபோது, அது சராசரியாக ஒரு நொடி அளவிலேயே இருந்தது. மூன்று நொடிக்கு நீட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டன, விடை கூறாதோரின் எண்ணிக்கை குறைந்தது. மாணவரைச் சிந்திக்க வைப்பதே தம் நோக்கம் என எழுதியவரும் ஒரு நொடிக்குள் முன்வரிசை மாணவனைச் சுட்டி விடை வாங்கிவிடக்கூடும். அவருடைய கொள்கை அந்த ஒரு நொடியில் இருக்கிறது. அறிக்கையில் அதற்கு இடமே இல்லை.

தமிழில் ஆசிரியர் இலக்கணம் பேசிய நன்னூலின் பாயிரத்தை இங்கு ஒப்பிடுதல் தகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குவதோடு நின்றிருந்தால், அதுவும் மற்றோர் இனிய அறிக்கையாகவே முடிந்திருக்கும். ஆகாத ஆசிரியருக்கும் அது நான்கு உவமைகளை வைக்கிறது. கழற்காய்களை இட்ட குடம், இட்ட முறையின்றிக் கொட்டுவது போல வரிசை தப்பிக் கற்பிப்பவர் ஒருவர். பருத்தி அடைத்த குண்டிகை, திணித்தாலும் சிறிது சிறிதாகவே வாங்கி அவ்வாறே வெளிவிடுவது போன்றவர் மற்றொருவர். மட்டையால் அணுகவொட்டாத பனையும், ஒருவர் நீர் வார்க்க வேலிக்கு அப்பால் காய் தரும் முடத்தெங்கும் ஏனைய இரண்டு. காலமும் இடமும் பார்த்து, பாடத்தை உள்ளத்தில் ஒழுங்குபடுத்தி, விரையாமல் வெகுளாமல், கொள்வோன் கொள்ளும் அளவறிந்து கற்பிக்க வேண்டும் என்று அது கூறும் முறையும் பின்வரிசையில் அமர்ந்து ஒருவர் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய நடத்தைகளாகவே உள்ளது. இந்நான்கு உவமைகளில் தமக்கு எது பொருந்தும் அபாயம் உண்டு என்று எழுதுமாறு பயிற்சி மாணவரைக் கேட்டால், தப்பிக்கும் சொற்களுக்கு அங்கே வேலை குறையும்.

எனினும் நன்னூலை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆசிரியர் தகுதிகளில் குலத்தை முதலில் வைத்த நூல் அது. மந்தனையும் பிணியுடையவனையும் கற்பிக்கத் தகாதோர் பட்டியலில் சேர்த்த நூலும் அதுவே. ஆறு முதல் பதினான்கு வயது வரை எக்குழந்தையையும் விலக்க இடமில்லாத இன்றைய பள்ளியில், அப்பட்டியலில் உள்ளோரே ஆசிரியரின் முதற்பொறுப்பு. பாடம் ஏறாத பழியை, அந்நூல் கூறும் இல்லிக்குடம், அதாவது ஓட்டைக்குடம், என்று மாணவன் மேல் ஏற்றும் பழக்கம் ஆசிரியர் அறைகளில் வேறு சொற்களில் இன்றும் தொடர்வதால், புதிய ஆசிரியர் தம் அறிக்கையில் தெளிவுபடுத்த வேண்டியது, கற்காத மாணவனைப் பற்றித் தாம் என்ன நம்புகிறார் என்பதைத்தான்.

கொள்கை அறிக்கை மௌனமாகக் கடந்து செல்லும் மற்றொன்று, ஆசிரியருக்கு இருக்கும் விடுதலையின் அளவு. தமிழ்நாட்டில் 2007–08 வாக்கில் அரசு தொடக்கப் பள்ளிகளெங்கும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றலாயினும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமாயினும், அட்டைகளும் கையேடுகளும் மேலிருந்து வருபவை. மேல்நிலை வகுப்புகளிலோ பொதுத்தேர்வும் தேர்ச்சி விழுக்காடும், ‘போர்ஷன்’ முடித்தல் என்று ஆசிரியர்கள் கூறும் கெடுவும் வகுப்பின் வேகத்தை விதிக்கின்றன. இதனால் தனிக்கொள்கை வீண் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் பாதியளவே சரி. கையேட்டில் எழுதப்படாதவை, அதாவது யாரிடம் கேள்வி கேட்பது, பிழையான விடையை எப்படி ஏற்பது, பல வகுப்புகள் ஒன்றாக அமரும் பள்ளியில் எக்குழுவின் அருகில் நெடுநேரம் நிற்பது என்பவை அனைத்தும் ஆசிரியர் கையிலேயே இருக்கின்றன. அறிக்கை இவ்விடங்களுக்கு இறங்கி வராமல் சமுதாய மாற்றம் என்னும் உயரத்தில் நிற்பதே அதன் பலவீனம்.

ஆகவே எழுதும் காலத்தையும் மாற்ற வேண்டியுள்ளது. பி.எட். விதிமுறைகள் இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளி உள்ளுறைப் பயிற்சியை வைத்துள்ளன. அதற்கு முன் மதிப்பெண் இன்றி ஓர் அறிக்கையும், அது முடிந்தபின் மற்றோர் அறிக்கையும் எழுதப்பெற்று, எந்த நம்பிக்கை எந்த வகுப்பில், எந்த மாணவன் முன் நிலைகுலைந்தது என்பதை இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து பயிற்சி மாணவரே விளக்குமாறு கேட்கலாம். இதற்கு மேற்பார்வையாளர் ஒவ்வொருவரின் வகுப்பையும் பலமுறை பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது அறிக்கை முதலாவதைவிடக் குறைந்த உறுதியோடும் கூடுதல் தயக்கத்தோடும் எழுதப்பட்டிருந்தால், அதைத் தேர்ச்சியின்மை என்று கொள்ளாத பக்குவமும் அவருக்கு வேண்டும்.