பனியைச் சொல்லாமல் குளிரவைப்பது

நல்ல சிறார் நாவல் எது என்று கேட்டால் பலரும் கதையைச் சொல்வார்கள், பாத்திரங்களைச் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்த ஊரில் வெயில் சுடுகிறதா, குளிர் நடுக்குகிறதா என்பதைத்தான். மாயாஜாலக் கதையில் ஒரே வரியில் கோட்டை எழுப்பிவிடலாம். நடப்பு வாழ்க்கையைச் சொல்லும் கதையில் அது செல்லாது. போதாக்குறைக்கு, பத்து வயதுப் பிள்ளை வர்ணனையைக் கண்டால் பக்கத்தைத் தள்ளிவிடும். வர்ணிக்காமலே ஊரைக் கண்முன் நிறுத்த வேண்டும். இந்த வித்தையில் லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘தி லாங் வின்டர்’ நாவலை மிஞ்சிய வேறெதையும் நான் படித்ததில்லை.

1940இல் நாவல் வந்தபோது வைல்டருக்கு 73 வயது. எழுதியது, பதின்மூன்று பதினான்கு வயதில் தான் பட்ட பாட்டை. 1880-81 குளிர்காலம். அமெரிக்காவின் டகோட்டா பகுதியில், ரயில் பாதையை ஒட்டி அப்போதுதான் முளைத்திருந்த டி ஸ்மெட் என்ற சிற்றூர். அக்டோபரில் ஆரம்பித்த பனிப்புயல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கிறது. ரயில் நின்றுபோகிறது. நிலக்கரி தீர்கிறது, மண்ணெண்ணெய் தீர்கிறது, மாவும் தீர்கிறது. மறுபடி ரயில் வர மே மாதம் ஆகிறது. கதை அவ்வளவுதான்.

பனியைப் பற்றிய இந்த நாவல் தொடங்குவது கொளுத்தும் வெயிலில்! அப்பா புல் அறுக்கிறார், லாரா கூடமாட வேலை செய்கிறாள். தாகத்துக்கு நிழலில் வைத்த இஞ்சித் தண்ணீர். வழியில் மஸ்க்ராட் என்ற நீரெலி கட்டிய கூடு ஒன்று தென்படுகிறது. சுவர் இவ்வளவு தடிமனாக இருந்து தான் பார்த்ததில்லை என்கிறார் அப்பா. வரப்போகும் குளிர் எலிக்குத் தெரிந்திருக்கிறது. வெயிலில் வியர்த்துக்கொண்டே வாசிக்கும் நமக்கு முதுகில் லேசாக ஒரு சிலிர்ப்பு. பயம் என்று ஒரு சொல்கூட இல்லாமல் காரியம் முடிந்துவிட்டது.

அந்தப் புல்லை வைல்டர் அதோடு விட்டுவிடுவதில்லை. நிலக்கரி தீர்ந்த பிறகு அடுப்பில் எரிவது அதுதான். தளர்வாகப் போட்டால் குப்பென்று எரிந்து போய்விடும் என்பதால், வைக்கோல் பிரி திரிப்பது மாதிரி இறுக்கி முறுக்கி, விறகுக் கட்டை அளவுக்கு மடக்கிப் போட வேண்டும். அப்பாவும் லாராவும் பின்கட்டுக் குளிரில் நின்று நாள் முழுக்க முறுக்குகிறார்கள், உள்ளங்கை கிழிகிறது. உள்ளே காப்பிக்கொட்டை அரைக்கும் சின்னக் கை எந்திரத்தில் கோதுமையைப் போட்டு, ஆள் மாற்றி ஆள் சுற்றுகிறார்கள். ரொட்டிக்கு மாவு சேர மணிக்கணக்காகிறது. அச்சாணி மசகில் துணித்திரி போட்டு அம்மா ஒரு விளக்கு செய்கிறாள். குளிர் எத்தனை பாகை என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கைகளைப் பார்த்தாலே போதும்.

நம் தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அங்கே வாழ்கிற, விளைகிற, புழங்குகிறவற்றைக் கருப்பொருள் என்றார். மனத்தின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். டகோட்டாவுக்கும் இந்தக் கணக்கு பிசகாமல் பொருந்துகிறது. புல்லும் கோதுமையும் கை எந்திரமும் கருப்பொருள். அவை வழியாகத்தான் காத்திருப்பு என்ற உரிப்பொருள் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. நேரே ‘எல்லோரும் மனம் சோர்ந்தார்கள்’ என்று எழுதியிருந்தால் ஒன்றும் சேர்ந்திருக்காது.

சோர்வு எப்போது தெரிகிறது? குளிர் இரவுகளில் பிடில் வாசித்துக் குடும்பத்தைத் தேற்றுகிற அப்பா, ஒருநாள் பிடிலை எடுக்கிறார். குளிரிலும் வேலையிலும் விரல்கள் விறைத்துத் தடித்துப் போயிருக்கின்றன. தந்தி பேசவில்லை. பேசாமல் பெட்டியில் வைத்துவிடுகிறார். நாவலில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் புயலில் கண் தெரியாமல் நடந்து வரும் இடத்தைச் சிலர் சொல்வார்கள். லாரா ஒரு கட்டட மூலையில் மோதுகிறாள். அது தெருவின் கடைசிக் கட்டடம். அதற்கு அப்பால் வெறும் புல்வெளி. அங்கேயும் வைல்டர் குரலை உயர்த்துவதில்லை.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடை உண்டு. அக்கா மேரிக்கு 1879இல் பார்வை போனது. அதன்பிறகு காண்பதையெல்லாம் அக்காவுக்கு எடுத்துச் சொல்வது தங்கையின் பொறுப்பானது. பார்க்க முடியாதவருக்குச் சொல்லும்போது அலங்காரம் உதவாது; எங்கே, என்ன, எவ்வளவு என்று சொன்னால்தான் உதவும். கூரை ஆணிகளின் முனையில் உறைபனி பூத்து நிற்பதை வைல்டர் எழுதுவது அந்தப் பழக்கத்தில்தான்.

சேர்த்ததைவிட விட்டது பெரிது. உண்மையில் அந்தக் குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளந்தம்பதியும் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். நாவலில் அவர்கள் இல்லை. விருந்தாளிகளை எடுத்துவிட்டதும் வீடு தனித்துப்போகிறது, புயலின் இரைச்சல் கூடுகிறது. நடந்ததை அப்படியே எழுதுவதல்ல யதார்த்தம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் இதே கத்திரிக்கோல் வேறோர் இடத்தில் தப்பாக வெட்டியிருக்கிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் நாவலில் அநேகமாக இல்லை. முதியவர் ஒருவர் கடைக்கு வந்து கடுங்குளிர் வருமென்று எச்சரித்துவிட்டுப் போகிறார். அதோடு சரி. வெற்று நிலம் என்ற மனப்பதிவு அவர்களை விலக்கித்தான் உண்டாக்கப்பட்டது. வைல்டர் நூல்களில் இவர்களைச் சித்திரித்த விதத்துக்காக, அவர் பெயரில் இருந்த சிறார் இலக்கிய விருதின் பெயரை அமெரிக்க நூலகர்கள் 2018இல் மாற்றினார்கள். மாற்றியது சரி என்பதே என் கருத்து. அதற்காக நாவலை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை.

ஏப்ரல், மே விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள். அந்த நிலம் முன்பு யாருடையது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.